குனெகுண்டாவுக்கு ஒரு மந்திரித்த கூடை

கிராகூவ்,
ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை, மாலை நாலு மணி.

போக்னியாவில் நம் பழைய வீட்டில் வசிக்கும் மரியாதைக்குரிய அக்கா ஹலினாவுக்கு, கூடப் பிறந்த தம்பி போகுமில் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் மகள் ரெனாடாவும் பேத்தி லில்காவும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியம் இல்லை, அது உனக்குப் பழைய செய்தி. அங்கே நீயும் உன் ரத்த அழுத்தமும் உன் பதினொரு கோழிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நாம் பேசி மூன்று வருஷம் ஆகிறபடியால் கோழிகளின் எண்ணிக்கை கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். ரெனாடாவைக் கேட்டால் சொல்வாள். ஆனால் உன்னைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம் இல்லை, தகவல் கடிதம். நாளைக் காலை ரெனாடாவும் லில்காவும் வழக்கம்போல உன் வீட்டுப் பாஸ்கா விருந்துக்கு எட்டரை ரயிலில் வருகிறார்கள். லில்காவின் பொம்மையும் வருகிறது. பொம்மை கையில் துணியில் தைத்த ஒரு சின்னக் கூடை இருக்கும். கூடைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு லேஸ் துணித் துண்டு இருக்கும். அதைப் பார்த்ததும் நீ சத்தம் போடுவாய், கோழிகள் பயப்படும். எந்தத் துணி என்று இதைப் படிக்கும்போதே உனக்குப் புரிந்திருக்கும். அம்மா கையால் பின்னிய துணிதான். ஒவ்வொரு பாஸ்காவுக்கும் நம் வீட்டுச் சாப்பாட்டுக் கூடையை மூடிக்கொண்டு கோவிலுக்குப் போய்த் தீர்த்தம் பட்டு வரும் அதே துணி. அம்மா போன பிறகு அது காணாமல் போய், "நீதான் எடுத்துட்டுப் போயிட்டே, வேற யாரு எடுப்பா?" என்று மூன்று வருஷத்துக்கு முன் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேர் முன்னால் நீ கேட்டாய். "என் ரெண்டு கண்ணு மேல சத்தியமா எங்கிட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு, என் பங்கு முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு நான் புறப்பட்டேன். அன்றிலிருந்து பாஸ்கா அன்று நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆகவே அந்தத் துணி எப்படி ஒரு பொம்மையின் கூடைக்குள் போயிற்று என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். முட்டையைப் பங்கு போடுவதற்கு முன் படித்துவிடு.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. லில்காவுக்கு லேசாக இருமல், ரெனாடாவுக்கு ஆஸ்பத்திரியில் தொடர்ந்து டூட்டி, அதனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். கூடவே பொம்மை. பொம்மையின் பெயர் குனெகுண்டா. இந்தப் பெயருக்கு நீதான் பொறுப்பு, போன கோடையில் பிள்ளையை உப்புச் சுரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அதே பெயருள்ள புனிதவதியின் சிலையை நீதானே காட்டினாய். லில்காவுக்கு எட்டு வயது, வருகிற மே மாதம் கோவிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை. ஞானோபதேச வகுப்பில் பாவம் எத்தனை வகை என்று படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதை எங்கள்மேல் பரீட்சை பார்த்துக்கொண்டிருக்கிறாள். வந்த அன்று சூப் குடிக்கும்போது ஆரம்பித்தாள்.

"தாத்தா, சனிக்கிழமை எல்லாரும் கூடை எடுத்துட்டுக் கோவிலுக்குப் போவாங்கல்ல?"

"ஆமா."

"குனெகுண்டாகிட்ட கூடை இல்ல."

"பொம்மைக்கு எதுக்கும்மா கூடை?"

"அவளுக்கும் பாஸ்கா வருதுல்ல?"

கடைவீதியில் பொம்மைக் கூடை விற்கிறார்கள், ஊதா நிறத்தில், பிளாஸ்டிக்கில். ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "பிளாஸ்டிக்ல தீர்த்தம் ஒட்டாது தாத்தா, வழுக்கிக்கிட்டுப் போயிரும்" என்றாள். அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். "நாப்பது வருஷமா இந்த ஊரு டிராம்ல உக்காந்தவன் அத்தனை பேரும் நான் தச்ச சீட்டுலதான் உக்காந்தான். ஒரு பொம்மைக் கூடை தைக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு என்று அம்மா சொல்லுவாள்.

பரணிலிருந்து டிராம் சீட்டுத் துணியில் ஒரு துண்டு எடுத்தேன். நீலத்தில் மஞ்சள் புள்ளி போட்டது, பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கொடுத்தது, கத்தி பட்டாலும் கிழியாது. கோணி ஊசி, மெழுகு நூல், இரட்டைத் தையல். அடிப்பாகத்துக்கு ரெண்டு மடிப்பு, நடுவில் ஸ்பாஞ்சு, கைப்பிடிக்கு சீட்டு ஸ்பிரிங்கில் இருந்து நறுக்கிய கம்பி. எண்பது கிலோ ஆள் தொப்பென்று உட்கார்ந்தாலும் தாங்க வேண்டும் என்று தைத்துத் தைத்துப் பழகிய கை, அதற்கு வேறு மாதிரி தைக்கத் தெரியாது. சாயங்காலம்வரை தைத்தேன். கூடை செங்கல் மாதிரி உட்கார்ந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் குனெகுண்டாவைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவள் கையில் மாட்டியதும் அவள் மேஜையிலிருந்து குப்புற விழுந்தாள். தூக்கி நிறுத்தி மறுபடி மாட்டினேன், இந்தத் தடவை அவள் நின்றாள், கைதான் தோளோடு கழன்று கூடையோடு கீழே போயிற்று. லில்கா அழவில்லை. கையை எடுத்து என் கையில் வைத்து, "தைங்க" என்றாள். மெழுகு நூலால் தைத்தேன். ரொம்ப இழுத்துத் தைத்துவிட்டேன் போலிருக்கிறது, அன்றிலிருந்து குனெகுண்டா தூரத்தில் வரும் டிராமை நிறுத்துகிறவள் மாதிரி வலது கையைத் தூக்கியே வைத்திருக்கிறாள். நீ நாளைக்குப் பார்ப்பாய், கேலி செய்யாதே, பிள்ளைக்குப் பிடிக்காது.

அன்று சாயங்காலத்திலிருந்து என் மூக்குக்கண்ணாடியைக் காணோம். இதைக் கவனமாக மனதில் வைத்துக்கொள் அக்கா. இனி வருவதெல்லாம் கண்ணாடி இல்லாமல் நடந்தது.

புதன்கிழமை காலையில் மூன்றாம் மாடி பெலாகியா வந்தாள். எங்கள் பங்குக் கோவிலில் வருஷா வருஷம் யார் வீட்டுக் கூடை அழகு என்று யாரும் போட்டி வைப்பதில்லை, ஆனால் வருஷா வருஷம் பெலாகியாதான் ஜெயிப்பாள். மற்ற வீடுகளில் என்ன ஏற்பாடு நடக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்வது அவள் வழக்கம். கூடவே அவளுடைய குட்டைக்கால் நாய். மேஜைமேல் இருந்ததை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க போகுமில், இது கூடையா, டிராம் சீட்டு குட்டி போட்டதா?"

"உறுதியா இருக்கணும்னு தச்சேன்."

"பொம்மைதான தூக்கப் போகுது, பன்னிரண்டு அப்போஸ்தலரும் ஏறி உக்காரப் போறாங்களா? மெல்லிசா ஒரு துணிய எடுத்துத் தச்சு, காப்பிக் கோப்பை மேல கவுத்து, கஞ்சி போட்டுக் காய வைங்க. விறைப்பா நிக்கும்."

யோசனை நல்ல யோசனை, அதில் குறை சொல்ல மாட்டேன். என்னுடைய வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை வெட்டி, சின்ன ஊசி தேடி எடுத்து, கண்ணுக்குத் தெரியாததை விரலால் தடவித் தடவித் தைத்தேன். மூன்று கீற்றுகளைச் சடை பின்னிக் கைப்பிடி வைத்தேன். விரல் முழுக்கக் குத்து. பெரிய ஊசி குத்தினால் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளும், சின்ன ஊசிக்கு அந்த மரியாதை கிடையாது. கோப்பை மேல் கவிழ்த்துவிட்டுக் கஞ்சிமாவைத் தேடினேன். அலமாரி மேல் தட்டில் ஒரே அளவில் ரெண்டு பொட்டலம், எழுத்து எறும்பு மாதிரி. ஒன்றை எடுத்துப் பிரித்து வெந்நீரில் போட்டுக் கிளறினேன். கெட்டியாக வந்தது, கூடவே சிவப்பாகவும் வந்தது, செர்ரி வாசனையும் அடித்தது. இந்தக் காலத்தில் சோப்பே ஸ்ட்ராபெரி வாசனை அடிக்கிறது, கஞ்சி செர்ரி வாசனை அடித்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கிண்டிக் கொடுப்போமே செர்ரிக் கூழ், அதன் பொடி அது என்று எனக்கு எப்படித் தெரியும், கண்ணாடி இல்லையே. கூடையை அதில் முக்கி ரேடியேட்டர் மேல் காய வைத்தேன். பெலாகியாவின் நாய் அங்கேயே போய் உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் கூடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "பாருங்க, இந்த வாரம் நாய்க்குக்கூடப் பக்தி வந்துருச்சு" என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலையில் கூடை பிஸ்கட் மாதிரி விறைப்பாக, இளஞ்சிவப்பாக நின்றது. குனெகுண்டாவின் தூக்கிய கையில் மாட்டினால் அப்படியே பொருந்தியது. தொட்டால் விரல் கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான். லில்கா ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கூடைக்குள் என்னென்ன வர வேண்டும் என்று பட்டியல் போட்டாள், ஒன்று விடவில்லை. முட்டைக்குக் காடை முட்டை, வெங்காயத் தோல் போட்டு வேக வைத்துச் சாயம் ஏற்றினோம். சாசேஜில் நகம் அளவு ஒரு வட்டம், ரொட்டியில் ஒரு விள்ளல், காரமான குதிரைமுள்ளங்கிக் கிழங்கில் ஒரு சீவல். உப்புக்கு, தைக்கும்போது நான் விரலில் மாட்டிக்கொள்ளும் பித்தளைக் குப்பியைக் கொடுத்தேன். வெண்ணெயில் ஆட்டுக்குட்டி செய்து கசகசாவால் கண் வைத்தேன், அது பன்றிக்குட்டியாக வந்தது. லில்கா அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல தாத்தா, அதுவும் ஆண்டவர் படைச்சதுதான்" என்று தேற்றினாள்.

பட்டியலில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. "லேஸ் வச்ச துணி" என்றாள். "எல்லாக் கூடையிலயும் இருக்கும். அது இல்லன்னா கூடை அம்மணமா இருக்கிற மாதிரி இருக்கும்." அவள் சொன்னது நியாயம்தானே. ஆகவே பெரிய வெள்ளிக்கிழமை அன்று, அதே கண்ணில்லாத நிலையில், கந்தல் போட்டு வைக்கும் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். லேஸ் மாதிரி ஏதோ ஒன்று கையில் பட்டது. இன்னதென்று தெரியாமல் ஒரு மூலையை வெட்டினேன். கத்திரிச் சத்தம்கூட இல்லை, அவ்வளவு மெல்லிசான துணி. கத்திரியோடு இருந்த என்னைப் பெலாகியா பார்த்துவிட்டாள். "பெரிய வெள்ளிக்கிழமை ஊசி எடுக்கக்கூடாதுங்க, ஆண்டவர் காயத்துல குத்துற மாதிரி" என்றாள். "ஊசி எடுக்கலீங்க, கத்திரிதான் எடுத்தேன்" என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு போனாள். ஓரம் மடித்துத் தைத்தது இன்று விடிந்த பிறகுதான், இதையும் குறித்துக்கொள்.

இன்று காலை பதினொரு மணிக்குக் கோவிலுக்குப் போனோம். முற்றத்தில் நீளமாக மேஜை போட்டு வெள்ளை விரித்திருந்தார்கள். நூறு கூடைக்குக் குறையாது. எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கிற மாதிரி நின்று பக்கத்துக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெலாகியாவின் கூடை நட்ட நடுவில். வெண்ணெய் ஆட்டுக்குட்டி அவள் கூடையில் எழுந்து நிற்கிறது, ரோமம் சுருள் சுருளாக, கழுத்தில் சிவப்பு நாடா, பக்கத்தில் குட்டிக் கொடி. அதற்குப் பக்கத்தில் லில்கா குனெகுண்டாவை நிறுத்தினாள், தூக்கிய கையில் நம் கூடை. பங்குக்குப் புதிதாக வந்திருக்கும் சாமியார் வாலிபர், தோள் அகலம், கை நீளம். கூடைகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க அவர் வைத்திருந்த மட்டை, சுவருக்கு வெள்ளையடிக்கிற மட்டைக்கு அண்ணன். அவர் ஒரு வீச்சு வீசினாலே மூன்று வரிசை நனையும். இதில் பிள்ளைகள் வேறு, "சாமி, எங்க மேல படல! இங்க, இங்க!" என்று குதித்தார்கள். அவர் உற்சாகமாகித் திரும்பி வந்து வாளியில் நன்றாக முக்கி இன்னொரு தடவை வீசினார். அது முழுக்க குனெகுண்டா மேல் விழுந்தது.

கூடை உடனே விழவில்லை. களைத்துப்போன ஆள் நாற்காலியில் சரிகிற மாதிரி முதலில் ஒரு பக்கம் சரிந்தது. பிறகு அடிப்பாகம் தொய்ந்தது, காடை முட்டை ஓரமாக எட்டிப் பார்த்தது. அப்புறம் செர்ரிக் கூழ் கரைந்து, சிவப்பாக, சொட்டுச் சொட்டாக, பெலாகியாவின் ஆட்டுக்குட்டி நெஞ்சில் விழ ஆரம்பித்தது. பின்வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கூடையிலிருந்து சொட்டியது தெரியவில்லை, ஆட்டுக்குட்டி நெஞ்சில் ரத்தம் கசிவது மட்டும்தான் தெரிந்தது. "யேசுவே!" என்று முழங்காலில் விழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். கூட்டம் மேஜையை நெருக்கியது. பெலாகியாவுக்கு விஷயம் தெரியும், நேராகப் பார்த்துக்கொண்டுதானே நின்றாள். ஆனால் முழுப் பங்கும் தன் கூடையைச் சுற்றி மண்டி போட்டிருக்கும்போது வாயைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாமியார் வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார், மோந்தார், நாக்கில் வைத்தார்.

"செர்ரி" என்றார்.

மண்டி போட்டவர்கள் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அத்தோடு முடிந்திருக்கும், லில்கா கையைத் தூக்கினாள்.

"சாமி, மந்திரிச்சதைத் தூக்கிப் போடக்கூடாதுன்னு ஞானோபதேசத்துல சொன்னீங்க. முட்டை ஓட்டைக்கூடக் குப்பையில போடக்கூடாதுன்னீங்க."

"ஆமாம்மா, சரிதான்."

"எங்க கூடை செர்ரிக் கூழு. அதையும் மந்திரிச்சுட்டீங்க. அப்போ கூடையையும் சாப்பிடணுமா?"

குருமடத்தில் இந்தக் கேள்வியை அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்தார். "பெரியவரே, இதத் தச்சது யாரு?" "நான்தான் சாமி." "அப்போ நீங்களே பாத்து ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு வேகமாகப் போய்விட்டார். முடிவை லில்காதான் எடுத்தாள். வீட்டுக்கு வந்து கூடையை ஒரு கோப்பை வெந்நீரில் அலசி, அந்தத் தண்ணீரை நான் குடித்தேன். இனிப்பாக இருந்தது, கொஞ்சம் கைக்குட்டை ருசியும் இருந்தது. ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. பெலாகியா தன் ஆட்டுக்குட்டியைச் சுரண்டாமல் அப்படியே வைத்திருக்கிறாள், மத்தியானத்திலிருந்து அதைப் பார்க்க மூன்றாம் மாடிக்கு ஆள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

இனிமேல்தான் முக்கியமான இடம். கோவிலிலிருந்து வந்த பிறகு லில்கா அந்த முதல் கூடையை, டிராம் சீட்டுக் கூடையை, எடுத்துக் குலுக்கினாள். உள்ளே கடகட என்றது. தையலைப் பிரித்துப் பார்த்தால் அடியில், ரெண்டு மடிப்புக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில், என் மூக்குக்கண்ணாடி. பத்திரமாகத் தைத்து வைத்திருக்கிறேன், ஒரு கீறல் இல்லை, வேலை அப்படி. எடுத்து மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டு முதன்முதலாகப் பார்த்தது அலசிப் போட்டிருந்த அந்த லேஸ் துண்டைத்தான். எட்டு இதழ்ப் பூ, பூவுக்குப் பூ ஒரு முடிச்சு. அம்மா பின்னல். ஓடிப்போய்க் கந்தல் பெட்டியைக் கவிழ்த்தேன். மீதித் துணி அங்கே கிடந்தது, ஒரு மூலை இல்லாமல். என்றைக்கோ தெரியாமல் என் சாமான்களோடு வந்து சேர்ந்திருக்கிறது, அது எனக்குத் தெரியாது. ஆகவே மூன்று வருஷத்துக்கு முன் நான் செய்த சத்தியம் பொய்ச் சத்தியம் இல்லை, தெரியாதவன் செய்தது. இந்த வாரம் வெட்டியதும் குற்றம் இல்லை, கண் தெரியாதவன் வெட்டியது. ரெண்டிலும் என் பக்கம் தப்பு இல்லை என்று உனக்கே விளங்கும்.

மீதித் துணியைத் துவைத்து, பொட்டலத்தை நாலு தடவை படித்துப் பார்த்து, நிஜக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு ரெனாடாவின் பைக்குள் வைத்திருக்கிறேன். பொம்மைக் கூடைக்கும் நிஜக் கஞ்சி போட்டாகிவிட்டது, ரேடியேட்டர் மேல் காய்கிறது, நாய் இந்தப் பக்கம் வரவில்லை. நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீயாக மன்னித்தால் அது உன் பெருந்தன்மை. வருஷா வருஷம் வெள்ளித்தாளில் சுற்றி ரெனாடாவிடம் கொடுத்தனுப்புகிறாயே ஒரு முட்டைத் துண்டு, அதை இந்த வருஷமும் அனுப்பினால் நான் வழக்கம்போலத் தொட மாட்டேன்.

கோழிகளுக்கும், கேட்டால் அக்கம்பக்கத்தாருக்கும் என் வணக்கத்தைச் சொல். உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டுக்குச் சமாதானமும், உன் மாவுக்கு நல்ல உப்பலும், உனக்கு நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் குற்றம் எதுவும் சொல்லாத, தன்மேலும் குற்றம் எதுவும் இல்லாத தம்பி
போகுமில்

பின்குறிப்பு: கடிதத்தின் கீழே முயல் படம் வரைய வேண்டும் என்று லில்கா இதை வாங்கினாள். வரைவதற்கு முன் படித்துவிட்டாள். இப்போதெல்லாம் இரண்டாம் வகுப்பிலேயே எவ்வளவு வேகமாகப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

"தாத்தா, கண்ணாடி இன்னிக்கா கெடச்சுது? வியாழக்கிழமையே கெடச்சிருச்சே. நாந்தான கூடையக் குலுக்கினேன். கூழ்ப் பொடின்னு பொட்டலத்தக்கூடப் படிச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க."

"அப்படியா?"

"வெள்ளிக்கிழமை கண்ணாடி போட்டுக்கிட்டுதான் துணிய வெட்டினீங்க. வெட்டுறதுக்கு முன்னாடி நாலு தடவ கழட்டிக் கழட்டித் தொடச்சீங்க. தொடச்சும் உங்களுக்குச் சரியாத் தெரியல."

மந்திரித்த முட்டையைப் பங்கு போடுகிற வீட்டுக்குப் பொய் எழுதிக் கொடுத்தனுப்பினால் அது எந்த வகைப் பாவம் என்று அவள் சொன்னாள், வகைக்கு நம்பர்கூட இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

கந்தல் பெட்டியில் அது இல்லை அக்கா. அம்மா உயிரோடு இருந்த கடைசிப் பாஸ்காவில், எனக்குக் கொடுத்துவிட்ட கசகசா ரொட்டியை அம்மாவே அந்தத் துணியில்தான் சுற்றித் தந்தாள். அது என் கருவிப் பையின் அடியில் போய் மறந்துபோனது. உன் மேஜையில் சத்தியம் செய்தபோது நிஜமாகவே எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியபோது தெரிந்தது. அன்றே ஃபோன் செய்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் முன்னால் கண் மேல் சத்தியம் செய்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் இன்னும் வெட்கமாக இருந்தது. மூன்று வருஷமாக என் கம்பளிக் காலுறைகளுக்குக் கீழே இருக்கிறது. அந்த வருஷத்திலிருந்து என் கண்ணாடிக்கு ரெண்டு தடவை பவர் கூடியிருக்கிறது, டாக்டர் வயசு என்கிறார், எனக்குக் காரணம் தெரியும். நீ அனுப்பிய முட்டைத் துண்டை வேண்டாம் என்று சொன்னதும் பொய். மூன்று வருஷமும் ரெனாடா அந்தப் பக்கம் போனதும் நின்றுகொண்டே தின்றேன்.

வெட்டியது எந்த மூலை என்று கூடையைப் பார்த்தால் உனக்குத் தெரியும். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு நீ ஜன்னலுக்குப் போய்க் கருக்கிய மூலை. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடி வாங்கியவன் நான். அம்மாவிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை, நாளைக்கும் சொல்ல மாட்டேன். முழுத் துணியைக் கொண்டுவந்து உன் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த மூலையை மட்டும் பொம்மைக் கூடையில் வைத்து அனுப்பினால் நீ பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாய், எனக்கு ஃபோன் போட்டுத் திட்டுவாய், திட்டினால் பேசின மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் அந்தக் கூடை.

மன்னித்துவிடு அக்கா.

லில்கா இதைப் படித்துவிட்டுச் சரி என்றாள், ஆனால் இப்படிப்பட்டதை அடுத்தவர் கையில் கொடுத்தனுப்பக்கூடாதாம். ஆகவே எட்டரை ரயிலில் நானும் வருகிறேன். குதிரைமுள்ளங்கி நானே துருவி எடுத்துவருகிறேன், இப்போதே கண்ணெல்லாம் எரிகிறது. கடிதத்தைக் குனெகுண்டாவின் தூக்கிய கையில் செருகி உள்ளே அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை நான் வாசலுக்கு வெளியேதான் நிற்பேன். காலையில் இன்னும் பனி இருக்கிறது, என் முழங்கால் உனக்குத் தெரியும், கடிதமோ நீளமாகிவிட்டது. அதனால் பின்குறிப்பை முதலில் படித்துவிடு.